உள்ளே சிவந்த பழம்

"என்னை ஜெயில்ல போட்டாக்கூடப் பரவால்லம்மா. சாம்பசிவனுக்கு நான் விஷம் வெச்சேன்னு பேசறாங்க பாருங்க, அதைத்தான் தாங்க முடியல."

அப்துல் கஃபார் இப்படிச் சொல்லிவிட்டு, செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தை மேஜை மேல் வைத்தார். எதிரே உட்கார்ந்திருந்த அபிதா அதைத் தொடவில்லை. முதலில் ஆளைப் பார்ப்பாள், அப்புறம்தான் பொட்டலத்தை. பத்து வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் போலி க்ளெய்ம்களை விசாரித்த பழக்கம் அது.

முழுப் பெயர் அபிதகுஜாம்பாள். அதை முழுசாக எழுதினால் 'துப்பறியும் நிறுவனம்' என்பதற்கு இடமில்லை என்று போர்டு எழுத வந்த பெயின்டர் கையை விரித்துவிட்டதால் 'அபிதா' ஆனாள். மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் ஆபீஸ். கீழே மெஷின் ஓடும்போதெல்லாம் மேலே நாற்காலி லேசாக நடுங்கும். வருகிற கட்சிக்காரர்கள் தங்களுக்குத்தான் பயத்தில் நடுக்கம் என்று நினைத்துக்கொள்வார்கள். அபிதாவும் அதைத் திருத்துவதில்லை.

"பாய், பொட்டலத்துல இன்னா? பாமா?" என்றான் மொஹ்சின்.

மொஹ்சின் அவளுடைய உதவியாளன், பல்லாவரத்துக்காரன். வண்டி ஓட்டுவான், ஆள் பின்னால் போவான், பேசக் கூடாத இடத்தில் பேசுவான். மூன்றாவது வேலையைத்தான் மிகச் சிறப்பாகச் செய்வான்.

கஃபார் பிரித்தார். சாத்துக்குடியை ஊதிப் பெரிதாக்கின மாதிரி மஞ்சளாக ஒரு பழம்.

"கிரேப்ஃப்ரூட்டு. கிழக்குத் தாம்பரத்துல இருபது வருஷமா பழக்கடை வெச்சிருக்கேன், இது மாதிரி ஒரு தரித்திரம் புடிச்ச பழத்தைப் பார்த்ததில்ல. ராஜகீழ்ப்பாக்கம் ஃப்ளாட்டுல கம்ப்யூட்டர் வேலை பார்க்கற புள்ளைங்க கேட்டுச்சேன்னு ஒரு பெட்டி எறக்கினேன். ஆளுக்கு ஒண்ணு வாங்கிட்டுப் போனதோட சரி. கசப்பு! மிச்சப் பெட்டியை சாம்பசிவன் நான் தின்னுக்கறேன்னான். உடம்பு இளைக்கும்னு ஏதோ பத்திரிகைல படிச்சிருக்கான். சும்மா எடுத்துட்டுப் போடான்னேன். கடைல மிஞ்சினது இது ஒண்ணுதான்."

சாம்பசிவன் ரிட்டையர் ஆன பேங்க் மேனேஜர். சேலையூர் பக்கம் காலனியில் சொந்த வீடு. கஃபாருக்கும் அவருக்கும் அடா புடா சிநேகம். தினமும் சாயங்காலம் கடை ஸ்டூலில் உட்கார்ந்து ஊர் வம்பு முழுவதையும் பேசித் தீர்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்.

"காலைல பாதிப் பழம்னு ஒழுங்காத்தான் சாப்பிட்டுக்கிட்டிருந்தான். திடீர்னு ஒரு நாள் வாசல்ல மயங்கி விழுந்துட்டான். ஆஸ்பத்திரில க்ளுகோஸ் ஏத்தி, வெறும் பலவீனம்னு அனுப்பிட்டாங்க. ஆனா தூக்கிவிடப் போன காலனி செக்ரட்டரி சுப்பராயலு, சாப்பாட்டு மேஜைல வெட்டி வெச்ச பழத்தைப் பார்த்திருக்காரு. உள்ள செக்கச் செவேல்னு இருக்கு. அவ்ளோதான்! கஃபார் ஊசி மூலமா பழத்துக்குள்ள சாயம் ஏத்தறான்னு கிளப்பிவிட்டுட்டாரு."

"நம்பிட்டாங்களா?"

"நேத்து ஒருத்தர் வாழைப்பழத்தைத் திருப்பித் திருப்பி ஓட்டை தேடறாரும்மா. வாடிக்கைக்காரங்க யாரும் வரதில்ல. போன மாசம்கூட சாம்பசிவன் சம்சாரம், அந்தத் தங்கச்சி, நார்த்தங்காய் கேட்டுச்சு. இந்த வருஷம் கோயம்பேட்டுலயே கண்ணுல காணோம், வந்தா எடுத்து வைக்கறேன்னேன். இனிமே எங்கிட்ட எங்க வாங்கப் போவுது? இன்னிக்கு அஞ்சு மணிக்கு காலனி மீட்டிங். என் கடைல யாரும் வாங்கக் கூடாதுன்னு தீர்மானம் போடப் போறாங்க. போட்டா நான் கடையை மூடிட வேண்டியதுதான்."

மொஹ்சின் தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினான்.

"உங்க நண்பர் என்ன சொல்றார்?" என்றாள் அபிதா.

"அவன் கடைப் பக்கமே வரல. போன் பண்ணா எடுக்கல." கஃபார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அபிதா மேஜை டிராயரிலிருந்து கத்தியை எடுத்துப் பழத்தை இரண்டாக வெட்டினாள். உள்ளே நிஜமாகவே ரோஸும் சிவப்புமாக மின்னியது. சுப்பராயலுவைக் குறை சொல்லிப் பயனில்லை. சாத்துக்குடியைத் தவிர வேறெதையும் வெட்டிப் பார்க்காதவருக்கு இது ரத்தக் காட்சிதான்.

"மொஹ்சின், ஊசியில சாயம் ஏத்தினா எங்கெல்லாம் பிடிக்கும்?"

"குத்தின எடத்துலேர்ந்து உள்ள வரைக்கும் கறை புடிச்சுக்கினு போவும்கா." கட்சிக்காரர் முன்னால் 'மேடம்' என்று சொல்ல வேண்டும் என்பது ஆபீஸ் விதி. அவன் ஞாபகம் வந்தால் சொல்வான்.

"பாரு. தோலுக்கு அடியில வெள்ளைச் சதை, அதுல ஒரு பொட்டு சிவப்பு இல்ல. விதை வெள்ளை. சுளையைப் பிரிக்கிற தோலும் வெள்ளை. சிவப்பு முழுக்க முத்து முத்தா சுளைக்குள்ள மட்டும்தான். ஊசி போடறவனுக்கு இவ்வளவு பொறுமை இருந்தா அவன் கண் ஆபரேஷன் பண்ணப் போயிருப்பான்."

சில முத்துக்களை டம்ளர் தண்ணீரில் போட்டாள். தண்ணீர் தெளிவாகவே நின்றது. அதற்குள் மொஹ்சின் ஒரு சுளையை வாயில் போட்டு, முகத்தை எட்டாய் மடித்துக்கொண்டிருந்தான்.

"பேர்ல திராட்சை. பார்த்தா சாத்துக்குடி. கடிச்சா வேப்பங்கொழுந்து. இத்த தின்னு இளைக்கிறதுக்கு பட்டினியே கெடக்கலாம் பாய்."

"அப்ப இதையே மீட்டிங்ல காட்டிடலாமாம்மா?" கஃபார் பரபரத்தார்.

"காட்டினா, இது நல்ல பழம், அவர் தின்னதுதான் சாயப் பழம்பாங்க. அவர் ஏன் விழுந்தார்னு சொன்னாத்தான் வாயை மூடுவாங்க. ஏதாவது மாத்திரை சாப்பிடறாரா?"

"பிரஷர் மாத்திரை. கேம்ப் ரோடு டாக்டரம்மா எழுதிக் குடுத்தது."

அபிதா ஹேண்ட்பேகை எடுத்தாள்.

*

கேம்ப் ரோடு டாக்டர் சாமுண்டீஸ்வரி, பேருக்கு ஏற்ற மாதிரி மிரட்டும் குரல் உள்ளவர். காத்திருந்த நோயாளிகள் அந்தக் குரலிலேயே பாதி குணமாகிக்கொண்டிருந்தார்கள்.

"என் பேஷன்ட் யார், அவங்களுக்கு என்ன மாத்திரைன்னெல்லாம் சொல்ல மாட்டேன். பழத்தைப் பத்தி வேணா கேளு."

"பழம் கெட்டதா டாக்டர்?"

"ரொம்ப நல்ல பழம். பாதி சாப்பிட்டா ஒரு நாளைக்கு வேண்டிய வைட்டமின் சி-யில பாதிக்கு மேல கிடைச்சிடும். தண்ணிச் சத்து, நார்ச்சத்து உண்டு, கலோரி கம்மி. அதனாலதான் இளைக்கறவங்க கொண்டாடறாங்க. ஆனா மாயமெல்லாம் இல்ல. பழத்தையும் தின்னு பஜ்ஜியையும் தின்னா பஜ்ஜிதான் ஜெயிக்கும்."

"அந்தச் சிவப்பு?"

"தக்காளிக்கும் தர்பூசணிக்கும் இருக்கிற அதே சிவப்பு. லைக்கோபீன்னு பேரு. உடம்புக்கு நல்லது."

"மேடம், அப்ப நல்ல பழத்தைத் தின்னவர் ஏன் மேடம் வாசல் கோலத்து மேல கவுந்தாரு?" என்றான் மொஹ்சின்.

டாக்டர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். ஊசி போடலாமா என்று யோசிப்பது போலத் தெரிந்ததும் அவன் அபிதாவின் பின்னால் நகர்ந்துகொண்டான்.

"சில மாத்திரைங்களோட இந்தப் பழம் சேரக் கூடாது. எல்லா மாத்திரையும் இல்ல. பிரஷருக்குக் கொடுக்கிறதுல சிலது, கொலஸ்ட்ராலுக்குக் கொடுக்கிறதுல சிலது. நாம முழுங்கற மாத்திரையில ஒரு பகுதியைக் குடலே கரைச்சு ஒழிச்சிடும். அதைக் கணக்குப் பண்ணித்தான் டாக்டர் எழுதறோம். இந்தப் பழம் அந்த வேலையை நிறுத்திடும். ஒரு மாத்திரை போட்டா ரெண்டு, மூணு போட்ட மாதிரி உடம்புல ஏறும். பிரஷர் தடால்னு இறங்கும். ஆள் விழுவான்."

"காலைல பழம், ராத்திரி மாத்திரைன்னு பிரிச்சுக்கிட்டா?"

"பிரயோஜனம் இல்ல. ஒரு தடவை சாப்பிட்டா அந்தக் குணம் ஒரு நாளுக்கு மேலயே நிக்கும். பம்பளிமாஸும் அப்படித்தான், ரெண்டும் சொந்தக்காரங்க. மாத்திரை சாப்பிடறவங்க இதைத் தொடறதுக்கு முன்னாடி டாக்டரைக் கேக்கணும்." அவர் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி மேஜையில் வைத்தார். "டாக்டரும் கேக்கணும். தாம்பரத்துல யார் கிரேப்ஃப்ரூட் தின்னப்போறான்னு நான் கேக்காம விட்டேன். என் தப்பும் இதுல இருக்கு. போ, சாம்பசிவன் சாரை உடனே என்னை வந்து பார்க்கச் சொல்லு."

"பேஷன்ட் பேரைச் சொல்ல மாட்டேன்னீங்களே டாக்டர்?"

"வெளிய போ!"

வெளியே வந்ததும் மொஹ்சின் வண்டியை உதைத்தபடி விசிலடித்தான். "கேஸு முடிஞ்சிச்சுக்கா. சாயமும் இல்ல, விஷமும் இல்ல. மதியத்துக்கு பிரியாணிதான்."

அபிதாவுக்கும் அப்படித்தான் தோன்றியது. துப்பறிகிறவர்களுக்கு இப்படி நிம்மதியாகத் தோன்றும் நேரம்தான் மிகவும் ஆபத்தானது.

*

"பிரமாதம்" என்றார் சாம்பசிவன். "கேட்கவே அழகா இருக்கு. ஆனா அது இல்லம்மா."

நல்ல உயரம், கொஞ்சம் தொந்தி, சவரம் செய்யாத முகம். ஹாலில் பிரம்பு நாற்காலியில் சாய்ந்து, பக்கத்துச் சுவரில் ஒரு கையை வைத்துக்கொண்டே பேசினார்.

"ஏன் சார் இல்ல?"

"முதல் நாள் விழுந்தேனே, அன்னிக்கே பழத்தை நிறுத்திட்டேன். மிச்சம் அத்தனையும் தூக்கிக் குப்பையில போடுன்னு சுந்தரவல்லிகிட்டச் சொல்லிட்டேன். மூணு வாரம் ஆச்சு. அதுக்கப்புறமும் ரெண்டு தடவை விழுந்துட்டேன். முந்தாநாள் பாத்ரூம்ல. தாழ்ப்பாளை உடைச்சுத் தூக்கினாங்க."

அபிதா மொஹ்சினைப் பார்த்தாள். பிரியாணி அவன் கண்ணிலிருந்து மெல்ல மறைந்துகொண்டிருந்தது.

"அதுக்குத்தான் சுப்பராயலு மெதுவா வேலை செய்யற விஷம்னு சொல்றார்" என்று தாழ்ந்த குரலில் சேர்த்துக்கொண்டார் சாம்பசிவன்.

"நீங்க என்ன சார் சொல்றீங்க?"

அவர் நிமிர்ந்து மின்விசிறியைப் பார்த்தார். அதில் பார்க்க ஒன்றுமில்லை.

"மயக்கம் வராத நாளும் உண்டா?"

"நடுவுல கோவிலம்பாக்கத்துல பொண்ணு வீட்டுல போய் ஒரு வாரம் இருந்தேன். குதிரை மாதிரி இருந்தேன். பேத்தியை இடுப்புல வெச்சுக்கிட்டு மாடிப்படி ஏறினேன். திரும்பி வந்த மறுநாளே விழுந்தேன்."

மொஹ்சின் அபிதாவின் காதருகே குனிந்தான். "அக்கா, பொண்ணு வூட்டுல விழல. இந்த வூட்டுல விழறாரு. அப்ப வூட்டுக்குள்ளதான் கைவரிசை. சாம்பார்லயா, ரசத்துலயா?"

"சும்மா இரு."

"நீங்க ரெண்டு பேரும் சாப்பிட்டுட்டுத்தான் போகணும்" என்று சொல்லிக்கொண்டே சமையலறையிலிருந்து அவர் மனைவி சுந்தரவல்லி வந்தார். ஒல்லியான உருவம், வேகமான நடை, இடுப்பில் செருகிய முந்தானை. "வெயில்ல வந்திருக்கீங்க. தயிர் சாதம் ரெடியா இருக்கு."

மொஹ்சினின் முகம் வெளிறியதைப் பார்க்க அபிதாவுக்குப் பாவமாகவும் இருந்தது, வேடிக்கையாகவும் இருந்தது.

"எங்க வீட்டுல காலைல ஒன்பது மணிக்கே சாப்பாடு" என்றார் சாம்பசிவன். "பேங்க் பழக்கம், ரிட்டையர் ஆகியும் போகல. தயிர் சாதத்தோட முடிச்சு, மாத்திரையைப் போட்டுப்பேன். நீங்க சாப்பிடுங்க. இவ நார்த்தங்காய் ஊறுகாய்க்குக் காலனியே அடிமை. நான் தயிர் சாதத்துக்கு ஊறுகாய் தொட்டுக்கறதில்ல, ஊறுகாய்க்குத் தயிர் சாதம் தொட்டுப்பேன்."

தட்டுகள் வந்தன. மொஹ்சின் ஒரு பருக்கையை எடுத்து நாக்கில் வைத்துக் கண்ணை மூடினான். எதுவும் ஆகவில்லை. ஊறுகாயில் ஒரு துண்டு. கண் தானாகத் திறந்தது. இன்னொரு துண்டு. அப்புறம் உயிர்ப்பயம், துப்பறியும் தொழில் எல்லாவற்றையும் மறந்துவிட்டு ஜாடியையே பக்கத்தில் இழுத்துக்கொண்டான்.

"செத்தாலும் இத்தத் தின்னுட்டு சாவலாம்கா" என்றான் வாய் நிறைய. "காலைல தின்னேனே அந்தப் பழம், அதே கசப்புதான். ஆனா உப்பு, காரம், நல்லெண்ணெய் சேர்ந்ததும் இன்னாமா ஆயிடுது பாரு கசப்பு!"

அபிதாவின் கை தட்டிலேயே நின்றது.

ஒரு துண்டை எடுத்து மிளகாய்ப் பொடியை வழித்துப் பார்த்தாள். நார்த்தங்காய்த் தோல் கரடுமுரடாக இருக்கும். இது வழவழவென்று இருந்தது. இன்னொரு துண்டு எடுத்தாள். பிறகு இன்னொன்று. தட்டின் ஓரத்தில் சோற்றை ஒதுக்கிவிட்டு, வளைந்த துண்டுகளைத் தோல் வெளிப்பக்கம் இருக்கும்படி ஒன்றோடொன்று சேர்த்து வைத்தாள். வட்டத்தில் பாதி கூட வரவில்லை, அதற்குள் ஒரு நார்த்தங்காயின் அளவைத் தாண்டிவிட்டது.

இந்த வருஷம் கோயம்பேட்டுலயே கண்ணுல காணோம் என்று கஃபார் சொன்னது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"அம்மா, கொஞ்சம் தண்ணி வேணும்" என்று எழுந்தாள். "நானே உள்ள வரேன்."

*

சமையலறையில் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு, அபிதா தணிந்த குரலில் கேட்டாள். "நார்த்தங்காய் எங்கம்மா வாங்கினீங்க?"

"மார்க்கெட்லதான்."

"மார்க்கெட்ல இந்த வருஷம் வரவே இல்லையாம். கஃபார் பாய் சொன்னார்."

சுந்தரவல்லியின் கையிலிருந்த சொம்பு மேடையில் 'டங்'கென்று உட்கார்ந்தது. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு படபடவென்று கொட்டினார்.

"அவர் பாட்டுக்குக் குப்பையில போடுன்னுட்டார். முக்கால் பெட்டி பழம்மா! ஒண்ணுகூட அழுகல. எனக்கு மனசே வரல. வாயில வெச்சுப் பார்த்தேன், கசப்பு. கசக்கிற காயை நம்ம வீட்டுல என்ன பண்ணுவோம்? நார்த்தங்காய் மாதிரியே தோலோட நறுக்கி, உப்புப் போட்டு, வெயில்ல வெச்சு எடுத்தேன். நிஜத்தைச் சொன்னா கத்துவார்னு நார்த்தங்காய்னு சொல்லிட்டேன். ஆசை ஆசையா சாப்பிட்டார். அதுல என்ன தப்பு?"

அபிதா செல்போனை எடுத்து கேம்ப் ரோடுக்குப் பேசினாள். "டாக்டர், அந்தப் பழத்தை ஊறுகாய் போட்டா?"

எதிர்முனையில் ஒரு பெரிய சிரிப்பு வெடித்தது.

"நான் படிச்ச எந்தப் புஸ்தகத்துலயும் ஊறுகாய் இல்லடீ! ஆனா தோலோடதானே போட்டிருப்பாங்க? பழத்துல இருக்கிற சமாசாரம் தோல்லயும் இருக்கு. உப்புப் போட்டதும் அது ஓடிப்போயிடும்னு நான் நம்ப மாட்டேன். தினமும் சாப்பிடறாரா?" சிரிப்பு நின்றது. "இன்னிக்குக் காலைலயும் மாத்திரையோடயா? உடனே கூட்டிட்டு வா. நடக்க விடாத, ஆட்டோல கூட்டிட்டு வா."

அபிதா விஷயத்தை நாலே வாக்கியத்தில் சொன்னாள். கேட்கக் கேட்க சுந்தரவல்லி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நானா? தட்டுல போட்டுப் போட்டு நானேவா அவரை விழவெச்சேன்?" முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "பாத்ரூம்ல மண்டை உடைஞ்சிருந்தா?"

"உடையல. உங்களுக்குத் தெரியாது. டாக்டருக்கே தோணல." அபிதாவும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். "ஆனா ஒண்ணு கேக்கணும். சாயம்னு ஊரே பேசுது. சாயம் ஏத்தின பழத்தையா உங்க வீட்டுக்காரருக்கு ஊறுகாய் போட்டீங்க?"

சுந்தரவல்லி நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அன்னிக்கே தண்ணியில ஊறப்போட்டுப் பார்த்தேன். ராத்திரி முழுக்க. தண்ணி கலங்கவே இல்ல. சாயம் இல்லன்னு எனக்கு நல்லாத் தெரியும்."

"அப்ப மூணு வாரமா தெரியும்."

"தெரியும். சொல்லணும்னா, பழத்தைத் தூக்கிப் போடலன்னும் சொல்லணும். அதுக்குப் பயந்தேன். சின்னப் பொய்தானேன்னு நினைச்சேன். அந்த மனுஷன் கடை ஈயடிக்குதுன்னு கேள்விப்பட்டும் வாயைத் திறக்கல."

அபிதாவுக்குக் கோபம் வந்தது. அந்த அழுகையைப் பார்த்ததும் பாதியிலேயே போய்விட்டது. மிச்சப் பாதியை மறைக்காமல் சொன்னாள். "மீட்டிங் அஞ்சு மணிக்கு. நான் பேசினா, காசு வாங்கிக்கிட்டுப் பேசறான்னு சுப்பராயலு சொல்வார். நீங்க பேசினா ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல முடியாது. உங்க இஷ்டம்."

வெளியே வந்தபோது மொஹ்சின் ஜாடியின் அடியைத் துழாவிக்கொண்டிருந்தான்.

"மொஹ்சின், அதுதான் விஷம்."

கை அந்தரத்தில் நின்றது. "யக்கா!"

"பயப்படாத. பிரஷர் மாத்திரை சாப்பிடாதவனுக்கு அது வெறும் ஊறுகாய்."

*

காலனிப் பூங்காவில் ஷாமியானா போட்டு, பிளாஸ்டிக் நாற்காலிகளைப் பரப்பியிருந்தார்கள். சுப்பராயலு மைக்கைப் பிடித்தால் பிடித்ததுதான். "மகா ஜனங்களே, பழத்துக்குள் பாஷாணம்!" என்று தொடங்கிக் கையை உயர்த்தினார். கடைசி வரிசையில் கஃபார் தலையைக் குனிந்துகொண்டு தனியாக உட்கார்ந்திருந்தார். அவருக்கு இரண்டு பக்கமும் இரண்டு நாற்காலிகள் காலி.

முன் வரிசையில் சாம்பசிவன். மதியம் முழுவதும் டாக்டர் அவரைப் படுக்கப்போட்டு, மாத்திரையை மாற்றி, கூடவே ஒரு பிரசங்கமும் செய்து அனுப்பியிருந்தார்.

அபிதா சுந்தரவல்லியைத் தேடினாள். நாற்காலியில் ஆள் இல்லை. "கழண்டுக்கினாங்க போல" என்று மொஹ்சின் முணுமுணுத்த அதே நேரம், சமையலறையின் பெரிய ஊறுகாய் ஜாடியை இடுப்பில் அணைத்தபடி ஒரு உருவம் பூங்கா கேட்டைத் தாண்டி வேகமாக வந்தது. நேரே மேடையேறி, சுப்பராயலுவின் கையிலிருந்து மைக்கை வாங்கிக்கொண்டது.

"எனக்குப் பேசத் தெரியாது" என்றார் சுந்தரவல்லி. மைக் கீச்சிட்டது. "எங்க வீட்டுக்காரர் விழுந்ததுக்குக் காரணம் நான். கஃபார் அண்ணன் இல்ல."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். பழம், கசப்பு, ஊறுகாய், மாத்திரை, தண்ணியில் ஊறப்போட்டது, தெரிந்தும் சொல்லாமல் இருந்தது. கடைசி விஷயத்தைச் சொல்லும்போது மட்டும் ஜாடியைப் பார்த்துப் பேசினார். ஆனாலும் விடாமல் சொல்லி முடித்தார்.

ஷாமியானா முழுக்கத் தலைகள் கஃபார் பக்கம் திரும்பின. சுப்பராயலு மட்டும் விடவில்லை. "அந்தப் பழத்தில் சாயம் இல்லை என்பதற்கு என்ன அத்தாட்சி?"

கடைசி வரிசையிலிருந்து கஃபார் எழுந்து வந்தார். ஜாடியைத் திறந்து ஒரு பெரிய துண்டை எடுத்து, எல்லோரும் பார்க்க மென்றார்.

"எனக்கு எந்த மாத்திரையும் கிடையாது" என்றார் மென்றுகொண்டே. பிறகு முகம் மாறியது. "அட, தங்கச்சி! இந்தக் கருமம் புடிச்ச பழத்தை இப்படிப் பண்ணலாம்னு முன்னாடியே சொல்லியிருந்தா நான் ஒரு லோடு எறக்கியிருப்பேனே!"

யாரோ சிரித்தார்கள். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். ஒரு அம்மாள் எழுந்து உப்பு எவ்வளவு என்று கேட்டார். இன்னொருவர் பழம் எப்போது வரும் என்று கேட்டார்.

அபிதா அவசரமாகக் கையைத் தட்டினாள். "ஒரு நிமிஷம்! பிரஷர், கொலஸ்ட்ரால், வேற எதுக்காவது தினமும் மாத்திரை போடறவங்க கை தூக்குங்க."

ரிட்டையர்டு காலனி. முக்கால்வாசிக் கைகள் மேலே போயின. சுப்பராயலு இரண்டு கையையும் தூக்கினார்.

"டாக்டரைக் கேக்காம நீங்க யாரும் ஜாடிப் பக்கம் போகக் கூடாது."

"மிச்சம் பேரு என் பின்னாடி லைன்ல வாங்க" என்றான் மொஹ்சின்.

அந்தச் சந்தடியில் சாம்பசிவன் மெல்ல எழுந்து கஃபாரிடம் வந்தார். கஃபார் ஜாடியை மூடுவதிலேயே மும்முரமாக இருந்தார்.

"கஃபாரு."

"ஊரே பேசட்டும்டா. எனக்கு அது ஒண்ணும் இல்ல" என்றார் கஃபார், நிமிராமல். "நீ நம்பினியா?"

"ஒரு நாள்கூட நம்பல."

"அப்புறம் ஏன் வரல? ஸ்டூலை எடுக்காம அங்கயேதான் போட்டு வெச்சிருந்தேன்."

சாம்பசிவன் பக்கத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "சுப்பராயலு என் வீட்டு ஹால்ல உட்கார்ந்து உன்னைப் பத்திப் பேசினார். நான் பதில் பேசாம காபியைக் குடிச்சேன். எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு உன் கடைக்கு வர்றது?"

கஃபார் அவரையே பார்த்தார். கண் கலங்கியிருந்தது. ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை.

"எங்கிட்ட சொல்லாத. அங்க சொல்லு."

சாம்பசிவன் மேடையைப் பார்த்தார். முப்பது வருடம் கவுன்டருக்குப் பின்னால் தணிந்த குரலிலேயே பேசிப் பழகினவர். ஒரு கையால் ஷாமியானாக் கம்பைப் பிடித்துப் படியேறி, மனைவியிடமிருந்து மைக்கை வாங்கினார். சத்தம் அடங்கியது.

"கஃபார் கடைப் பழத்துல சாயம் இல்ல. இருக்காதுன்னு எனக்கு முதல் நாளே தெரியும். தெரிஞ்சும் நான் பேசாம இருந்தேன்."

போதும் என்று சுப்பராயலு மைக்குக்காகக் கையை நீட்டினார். சாம்பசிவன் கொடுக்கவில்லை. பின்வரிசைக்குச் சரியாகக் கேட்டிருக்காதோ என்று அவருக்குச் சந்தேகம். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, முதலிலிருந்து இன்னொரு தடவை, இன்னும் உரக்கச் சொன்னார்.